"ஆடினால் என்ன கிடைக்கும்?"



ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் போனால், கிரிக்கெட் மட்டையோடு நிற்பவர்களில் என்னிடம் படித்த முகங்கள் நாலைந்தாவது இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களும் உண்டு. தொப்பையும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். "இதனால உனக்கு என்ன லாபம்?" என்று உங்களை யாரும் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம். பிடித்திருக்கிறது, ஆடுகிறீர்கள்.

உங்கள் வீட்டில் எட்டாவது படிக்கும் பெண் கால்பந்து ஆடுகிறேன் என்று சொல்லட்டும், உடனே கணக்கு தொடங்கிவிடும். வேலை கிடைக்குமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா? வெயிலில் கறுத்துப் போனால் யார் கட்டிக்கொள்வார்கள்? பெரிய மனுஷி ஆன பிறகு அரை டிராயர் எதற்கு? திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டினால் மஞ்சக்குப்பம். பையன் சைக்கிளில் தனியாகப் போய் வருகிறான். பெண்ணுக்கு மட்டும் அது தூரமாகிவிடுகிறது.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவள், ஒன்பதாம் வகுப்பில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் பைக்குக் காவல் இருப்பாள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பெண்கள் கால்பந்தில் நம் கடலூர் நாடறிந்த ஊர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பக்கத்தில் பண்ருட்டி. கடலூர் அணி ஒன்று இந்திய மகளிர் லீக்கிலேயே ஆடியிருக்கிறது. 2018-ல் தமிழ்நாடு, அசைக்க முடியாத அணி என்று பெயர் வாங்கிய மணிப்பூரைத் தோற்கடித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் மறுபடியும் வென்றது.

ஆனால் இந்துமதியைப் பற்றி நம் ஊரில் பேசும்போது கவனித்துப் பாருங்கள். "போலீஸ்ல எஸ்.ஐ. ஆயிட்டாங்களாமே" என்றுதான் ஆரம்பிக்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளும் அதே கணக்கு இருக்கிறது. காக்கிச் சட்டை கிடைத்ததால் அவர் ஆடியதை மன்னித்துவிட்டோம் போல! அவரோடு ஆடி, இந்திய அணிக்கும் போகாமல் வேலையும் கிடைக்காமல் இருக்கும் பெண்கள் ஆடியதெல்லாம் வீணா? நம் பையன்களில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடினார்கள்?

சரி, பதக்கம் வாங்கினால் விட்டுவிடுகிறோமா என்றால் அதுவும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எப்படி ஓடினார் என்பதை யாரும் பேசவில்லை. பெண்தானா என்பதையே பேசினார்கள்.

பள்ளி விடுமுறை விட்டதும் பையனுக்குக் கிரிக்கெட் கோச்சிங் விசாரிப்பீர்கள். பெண்ணையும் ஒருநாள் அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே உடை மாற்ற இடமும் சுத்தமான கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என்னிடம் படித்த பெண் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். எந்த வகுப்பில், யார் சொல்லி விளையாட்டை நிறுத்தினீர்கள்? கீழே எழுதுங்கள். உங்கள் அண்ணன் தம்பிகளும் படிக்கட்டும்.