கலப்பு என்று யார் சொன்னது?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அமெரிக்க இசையமைப்பாளர் கோர்ட்னி பிரையனைப் பற்றிப் பகிர்ந்திருந்தேன். 1982-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், பியானோ கலைஞர். நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் என் கணக்கில் சின்னப் பெண்தான். என் மாணவிகள் பலருக்கு அதே வயது. வந்த பதில்களில் பாதி, "அருமையான ஃபியூஷன் சார்". ஒருவர் (பெயர் வேண்டாம், கடைசி பெஞ்ச்) ஒரு படி மேலே போய், "கிளாசிக்கலையும் ஜாஸையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

கலப்பதென்றால் இரண்டும் முதலில் தனித்தனியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

நியூ ஆர்லியன்ஸில் ஆர்லியன்ஸ் தெரு என்று ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தத் தெருவில் பிரெஞ்சு ஆபரா அரங்கம் இருந்தது. அதே தெரு போய் முடிகிற இடத்தில் காங்கோ சதுக்கம். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடித் தோல்கருவி முழக்கி ஆடினார்கள். நடந்தால் சில நிமிடம்தான். அரங்கத்தின் மேலடுக்கில் கறுப்பின மக்களும் உட்கார்ந்து ஆபரா கேட்டார்கள். இரண்டையும் கேட்டது அதே காது. அதற்குள் யாரும் சுவர் கட்டவில்லை.

சுவர் வெளியே எழுந்தது. அதே ஊரில் 1829-இல் பிறந்த வெள்ளையர் லூயி மோரோ காட்ஷாக், கறுப்பின மக்களின் ஆட்டத்தின் பெயரையே வைத்து 'பம்பூலா' என்று பியானோ இசை எழுதினார். பாரிஸ் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. டியூக் எலிங்டன் கதை வேறு. 1943-இலேயே கார்னகி அரங்கில் 'பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்' என்ற நெடும்படைப்பை அரங்கேற்றியவர். 1965-இல் அவருடைய வாழ்நாள் பணிக்குச் சிறப்புப் பாராட்டு தரலாம் என்று புலிட்சர் இசை நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த வாரியம் மறுத்தது. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே கிடையாது! மூன்று நடுவர்களில் இருவர் விலகினார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. 1974-இல் இறந்தார். பாராட்டு 1999-இல் வந்தது, கல்லறைக்கு.

நீங்கள் சாதாரணமாகத் தட்டிவிடுகிற 'ஃபியூஷன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தச் சுவர் நிற்கிறது. பிறந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தியை விருந்தாளி ஆக்குகிற சொல் அது. ஓபர்லின், ரட்கர்ஸ், கொலம்பியா என்று முனைவர் பட்டம் வரை படித்தவர் பிரையன். தன் ஊரில் ஏற்கனவே இருந்ததை எழுதுகிறார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வயலின் கூட்டத்துக்கு நடுவே கடைசி ஐந்து நிமிடம் டிரம்ஸ் தட்டிவிட்டுப் புதுமை என்று கைதட்டல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் பிரையனின் 'யெட் அன்ஹர்ட்' (2016) கேட்டுவிட்டு வாருங்கள். 2015-இல் டெக்சாஸில், கார் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று காவலர் நிறுத்திய சாண்ட்ரா பிளாண்ட், மூன்று நாள் கழித்துச் சிறை அறையில் பிணமாகக் கிடந்தார். வயது 28. அந்தப் பெண்ணின் குரலாக ஷாரன் ஸ்ட்ரேஞ்ச் எழுதிய கவிதையைப் பாடகர் ஒருவருக்கும், கூட்டுக்குரலுக்கும், முழு வாத்தியக் குழுவுக்கும் அமைத்திருக்கிறார். அந்தச் சாவைச் சொல்ல, தன் முன்னோர் கேட்ட எல்லா இசையும் அவருக்குத் தேவைப்பட்டது. அதில் எதை எடுத்துவிடச் சொல்கிறீர்கள்?

சமையல் செய்துகொண்டே கேட்க வேண்டாம். கடைசி பெஞ்ச் தம்பி, எந்த இடத்தில் கிளாசிக்கல் முடிந்து எந்த இடத்தில் மற்றது தொடங்குகிறது என்று நிமிடக் கணக்கோடு கீழே எழுதுப்பா. காத்திருக்கிறேன்.