தொட்டித் தண்ணியில பிள்ளை வருமா?

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ, திருப்பதியில் சித்தி வீட்டு மொட்டை மாடியில் சித்தி பொண்ணு கேட்டாள்: "அண்ணா, வெந்நீர்த் தொட்டியில உக்காந்தா டியூப் அடைப்பு திறக்குமா?"

எனக்கு வாயே வரலை. அந்தத் தொட்டிக்குப் பணம் கட்டினவனே நான்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். 21 நாள் ஸ்பா, எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகை நீராவி, அடிவயிற்றில் களிமண் பற்று, கடைசி நாள் திருமலை தரிசனம். கருப்பை சுத்தமாகுமாம், அடைப்பு விலகுமாம். கல்யாணமாகி ஆறு வருஷம், பாவம் பொண்ணு என்று மெல்போர்னில் இருந்தபடியே பணம் அனுப்பினேன். பெரிய அண்ணன் கடமையை முடிச்சிட்டதா ஒரு பெருமை வேற!

அவளுக்கு அப்போ 34 வயசு. ரெண்டு தடவை அந்தப் பேக்கேஜை முடித்தாள். ஒன்றும் நடக்கலை. கடைசியில் வேலூருக்குப் போனார்கள். அவள் டியூபில் அடைப்பே இல்லை! மாப்பிள்ளைக்குத்தான் விந்தணு எண்ணிக்கை ரொம்பக் குறைவு. இந்த எட்டு வருஷத்தில் அவரை யாரும் ஒரு டெஸ்ட்டுக்குக்கூட அனுப்பவில்லை. சித்தூர்க்காரங்க தலைவலிக்கே வேலூர் பஸ் ஏறுகிற ஜனங்க. இதுக்கு மட்டும் ஏன் ஏறலை? பழி பொண்ணு மேலதான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டோம், அதனால்தான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் தன் மனைவி கேத்தரினை 1663-ல் டன்பிரிட்ஜ் வெல்ஸ், பாத் என்று ஊற்று ஊற்றாகக் கூட்டிப் போனார். கடைசிவரை அவருக்குக் குழந்தை இல்லை. அடுத்து ராணியான மேரி 1687-ல் பாத் ஊற்றில் குளித்தார், 1688-ல் ஆண் குழந்தை பிறந்தது. ஊற்றுக்கு ஒரே புகழ்! ஆனால் அவர் அதற்கு முன்பே பல பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவர். கருத்தரிக்காதவர் அல்ல. ஸ்பா வியாபாரம் இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. பிறந்தால் தண்ணீர் மகிமை, பிறக்காவிட்டால் பொண்ணு குறை.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வெந்நீரும் களிமண்ணும் தோலைச் சூடாக்கும், தசையைத் தளர்த்தும். கருக்குழாய் அடைப்பைத் திறக்காது. நம் நாட்டில் அந்த அடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பிறப்புறுப்புக் காசநோய். அதை நீராவி தீர்க்குமா?

ஆண் கதை இன்னும் மோசம். விதைகள் உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். 'தம்பதி ஸ்பெஷல்' என்று மாப்பிள்ளையையும் சேர்த்து வெந்நீரில் ஊறப் போட்டார்கள். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதை! கர்ப்பத்தின் முதல் வாரங்களில் பெண்ணின் உடல் சூடு அதிகமானாலும் குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சிக்கு ஆபத்து கூடும் என்பதால், அந்தச் சமயம் சூடான தொட்டியே வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

"மனசு ரிலாக்ஸ் ஆனா தானா தங்கும்பா" என்பீர்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி போய்வின் குழு 2011-ல் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் அந்தச் சுற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பு தெரியவில்லை. கவலைப்படுகிற பெண்ணிடம் போய் "நீ கவலைப்படறதாலதான்" என்று சொல்வது வைத்தியமா, வசவா?

"அப்போ கபில தீர்த்தத்தில் முழுகறவங்க எல்லாம் முட்டாளா?" இல்லை. எங்கம்மாவும் முழுகினவங்கதான். அங்கே அருவி யாரிடமும் பில் நீட்டவில்லை, உன் கருப்பையில் அழுக்கு என்று சொல்லவில்லை. வேண்டுதல் வேறு, விற்பனை வேறு. முதுகு வலிக்கு, மன ஆறுதலுக்கு ஸ்பா போங்கள், நானே போவேன். குழந்தை வரும் என்று சொல்லிக் காசு வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

1954-ல் வந்த மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தில், குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் பெண் மலட்டுத்தன்மையும் இருக்கிறது. அங்கேயும் பெண் பெயர்தான், கவனியுங்கள்! ஏமாற்றுக்காரர்களோ 'சமநிலை', 'புத்துணர்வு' என்று சுற்றி வளைத்து எழுதித் தப்பித்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பிரச்சனை வருகிறது. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாசத்திலேயே, டாக்டரைப் பாருங்கள். ரெண்டு பேரும் சேர்ந்து. விந்து பரிசோதனை முதல் நாளே. அதற்கு ஆகும் செலவு நான் அனுப்பின பணத்தில் ஒரு மூலைக்கு வராது.

வெளிநாட்டில் இருக்கும் நமக்குப் பாசத்தைக் காட்ட ஒரே வழி பணம் அனுப்புவது என்று ஆகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" ஃபோனில் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலை அவளுடைய ரெண்டு வருஷம். இப்போ 36 ஆகிறது. சிகிச்சை நடக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு "திறக்காதும்மா" என்று அன்றைக்குச் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அந்த ஸ்பாக்காரரும் இல்லை!