தலைக்கணக்கு போதாது

ஒரு வார்டில் முப்பது நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கவனிக்க எத்தனை நர்ஸுகள் வேண்டும்? இக்கேள்வியைக் கேட்டவுடன் நமது அதிகாரிகள் முப்பதை ஓர் எண்ணால் வகுத்து விடை சொல்லிவிடுவார்கள். கணக்கு சரிதான், நியாயந்தான் தவறு. அம்முப்பது பேரில் ஒருவர் நாளை வீடு திரும்பப் போகிறவர். தாமே எழுந்து குளிக்கிறார், பத்திரிகை படிக்கிறார். அடுத்த கட்டிலில் இருப்பவர் நேற்றுத்தான் வயிற்றில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர். அவருக்கு அடிக்கடி நாடி பார்க்க வேண்டும். மருந்து ஏற்ற வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ரிஜிஸ்தரில் இருவரும் தலைக்கு ஒன்றுதான். நர்ஸின் கைகளுக்கும் கால்களுக்கும் இவ்விருவரும் ஒன்றாவார்களா?

வார்டில் ஓர் இரவு வேலை பார்த்த எந்த நர்ஸும் இந்த உண்மையை அறிவார். அதை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1960-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ச்சி செய்த ராபர்ட் கானர் என்பவர். நோயாளிகளை அவர் மூன்று வகுப்பாகப் பிரித்தார்: தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக் கூடியவர், ஓரளவு உதவி வேண்டுபவர், முழுக்க முழுக்கப் பிறர் கையை நம்பியிருப்பவர். பகல் வேலை நேரத்தில் முதல் வகுப்பினருக்கு அரை மணியும், இரண்டாமவருக்கு ஒரு மணியும், மூன்றாமவருக்கு இரண்டரை மணியும் நர்ஸின் நேரடிக் கவனிப்பு தேவைப்பட்டதாக அவர் கணக்கிட்டார். இக்கணக்கை நமது வார்டுகளில் வைத்துப் பார்ப்போம். ஒரு வார்டில் இருபது பேர் முதல் வகுப்பு, எட்டுப் பேர் இரண்டாம் வகுப்பு, இருவர் மூன்றாம் வகுப்பு என்றால் வேலை 23 மணி நேரம். இன்னொரு வார்டில் ஐவர், பதின்மர், பதினைவர் என்று இருந்தால் வேலை 50 மணி நேரம். இரண்டிலும் தலைகள் முப்பதுதான்! வேலையோ இரு மடங்குக்கு மேல். வார்டின் பளுவை நிர்ணயிப்பது மொத்த நோயாளிகளின் எண்ணிக்கையைவிட, மூன்றாம் வகுப்பினரின் எண்ணிக்கையே என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் ஸாரம்.

இதன் பிறகு இம்முறை பல தேசங்களில் வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் பூஜ்யம் முதல் மூன்று வரை படிகள் வைத்து நோயாளிகளைத் தரம் பிரிக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கென்று 2003-இல் வெளியான ஒரு புள்ளி முறையில், நூறு புள்ளி என்பது ஒரு நர்ஸின் முழு நேர உழைப்பு; ஒரே நோயாளியின் தேவை அந்த நூறையும் தாண்டக்கூடும்.

இது ஏதோ ஆபீஸ் நிர்வாக விஷயம் என்று நேயர்கள் அலட்சியம் செய்தல் ஆகாது. பென்ஸில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையில், சஸ்திர சிகிச்சை நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாட்களுக்குள் மரணமடையும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. நர்ஸின் பளு நோயாளியின் உயிரோடு பின்னிக் கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

நமது தேசத்தின் நிலை என்ன? டாக்டர் ஆ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார் முதலியோர் அங்கம் வகித்த போர் கமிட்டி 1946-இல் அறிக்கை வெளியிட்டபோது, இந்நாட்டில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே இருந்தார். அந்நிய ஆட்சி நமக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி அதுதான். பிறகு நர்ஸுகள் பெருகினார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் பொது வார்டுகளில் மூவருக்கு ஒருவர், ஏனைய ஆஸ்பத்திரிகளில் ஐவருக்கு ஒருவர் என்று இந்திய நர்ஸிங் கவுன்ஸில் அளவு வகுத்தது. அளவு நல்லதே. ஆயினும் அது வார்டைப் பார்க்கிறதேயன்றிக் கட்டிலில் கிடக்கும் மனிதனைப் பார்க்கவில்லை.

நமது தர்மாஸ்பத்திரிகளில் மறைவாக இயங்கும் ஒரு படையும் உண்டு. சோறு ஊட்டுவதும், துணி மாற்றுவதும், சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நோயாளியின் தாயோ மனைவியோ மகனோதான். இவ்வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே உற்றார் இல்லாத அநாதையே முதலில் கைவிடப்படுகிறான். நோயாளிகளை வகைப்படுத்தினால், ஊட்ட ஆளில்லாத கிழவரின் தேவையும் ஏட்டில் ஏறும்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. இருக்கும் நர்ஸுகளுக்கே ஓய்வில்லை, எழுதும் வேலையும் சேர வேண்டுமா என்பார்கள். ஷிப்டுக்கு ஒருமுறை நோயாளியின் பெயரெதிரில் ஓர் எண் இடுவது பெரும் பளுவன்று. தேவையை மிகைப்படுத்தி எழுதுவார்களே என்பார்கள். வேறொரு வார்டின் நர்ஸ் அவ்வப்போது சரிபார்த்தால் அதுவும் தீரும். “வேலை குறைவு” என்று காட்டி ஸர்க்கார் ஸ்தானங்களையே குறைத்துவிடுமே என்ற அச்சந்தான் நியாயமானது. இதற்குக் கலிபோர்னியா வழி காட்டுகிறது. 1999-இல் சட்டமியற்றி 2004 முதல் அங்கே குறைந்தபட்ச எண்ணிக்கையை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். பொது வார்டில் ஒரு நர்ஸிடம் ஆறு பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாதென்று தொடங்கி, 2005-இல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். நோயாளிகளை வகைப்படுத்திப் பார்க்கும்போது மேலும் நர்ஸுகள் வேண்டுமென்று தெரிந்தால், கூட்டியே தீர வேண்டும். அதாவது எண்ணிக்கை தரை. வகைப்பாடு அதன் மேல் எழும் சுவர். சுவரைக் காட்டித் தரையைப் பெயர்க்க இடமில்லை.

நமது கோரிக்கை மூன்றே. குறைந்தபட்ச எண்ணிக்கையைச் சட்டபூர்வமாக்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் ஷிப்டு தோறும் நோயாளிகளை வகைப்படுத்தி, அந்தக் கணக்கையும் பணியில் இருக்கும் நர்ஸுகளின் தொகையையும் பொதுஜனங்கள் காணும்படி எழுதிவைக்க வேண்டும். அக்கணக்கைக் கொண்டே புது ஸ்தானங்களை ஏற்படுத்த வேண்டும். வகைப்பாடு நர்ஸுகளை உண்டாக்கிவிடாது என்பது மெய்யே. ஆனால் குறை எவ்வளவென்று அறியாத ஸர்க்கார் அதை நிவர்த்திக்கவும் முடியாது; அறிந்த பிறகு தட்டிக் கழிக்கவும் முடியாது. கட்சிப் பேதமின்றித் தேச ஊழியர்கள் தத்தம் ஜில்லா ஆஸ்பத்திரியில் ஒருநாள் இரவு நின்று பார்க்கட்டும். ஏழை நோயாளி நள்ளிரவில் தண்ணீர் கேட்கும்போது கொடுப்பதற்கு ஒரு கை இருக்கிறதா? சுயராஜ்யத்தின் தரத்தை அங்கே அளக்கலாம்.