அடித்துப் பெறும் உண்மை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிச் சாலைகள் நிறைந்துவிடும். கூட்டத்தில் ஒரு சங்கிலி காணாமற்போனால், "நாலு போடு போட்டால் கக்கிவிடுவான்" என்போர் இறைமக்களிடையேயும் உண்டு. திருப்பலி முடிந்த கையோடு கோவில் முற்றத்திலேயே சொல்லுகிறார்கள். அடித்தால் கக்குவான் என்பதை நாமும் மறுக்கவில்லை. அடி நிற்பதற்கு எந்தச் சொல் வேண்டுமோ அந்தச் சொல்லைக் கக்குவான்.

இதனை அறிந்தே 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகக் கொள்ளலாகாது என்றது. ஆங்கிலேயர் கருணை மிகுந்து இயற்றிய விதியன்று அது. சென்னை மாகாணத்தில் நிலவிய கொடுமைகளை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை ஆணையமே அவர்களுக்குக் காட்டியிருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் அத்தடை நிற்கிறது. ஆயினும், வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அப்பகுதி மட்டும் செல்லும் என்ற விதிவிலக்கும் கூடவே நிற்கிறது. அடி நுழைகிற வாசல் அது.

தடாச் சட்டமோ தடையையே அகற்றியது. 1991 ஜூனில் கைதான 19 வயதுப் பேரறிவாளன், இராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுக்கு ஒன்பது வோல்ட் மின்கலம் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அச்சட்டத்தின்கீழ்ப் பதிவான வாக்குமூலம். 1999இல் உச்சநீதிமன்றம், இது தடாக் குற்றமே அன்று என்றது. தடா வழி வந்த வாக்குமூலத்தையோ ஏற்றுக்கொண்டு தூக்கை உறுதிசெய்தது. மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதனைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படுத்தினார். 2022 மே 18 அன்றுதான் விடுதலை. வாக்குமூலம் யாருடையது என்பதைப் பேசியவன் முடிவுசெய்வதில்லை, எழுதுகோல் பிடித்தவர் முடிவுசெய்கிறார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நமக்கு, தானாக வராத அறிக்கை அறிக்கையாகாது என்பது பாலபாடம். பல்கேரியருக்கு எழுதிய மடலில் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் 866இலேயே இதைச் சொன்னார். (1252இல் நான்காம் இன்னோசென்ட் வதையை அனுமதித்ததையும் மறைக்க வேண்டாம்.)

அம்பாசமுத்திரம் நமக்குத் தொலைவில்லை. விசாரணையில் பற்களைப் பிடுங்கினார்கள் என்று 2023 மார்ச்சில் அங்கே புகார் எழுந்தது. உதவிக் கண்காணிப்பாளர் ஒருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அப்போதும், "ரவுடிகளைத்தானே" என்றவர்கள் நம்மில் இருந்தனர். ரவுடி என்று தீர்மானிக்கும் நீதிமன்றத்தை அவர்கள் எங்கே கண்டார்களோ!

நிலையத்தின் எப்பகுதியும் விடுபடாதபடி ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நம் பங்குப் பேரவைகள் தத்தம் ஊர்க் காவல்நிலையத்தில் இதனை எழுத்துமூலம் கேட்கட்டும். கேமரா இருக்கிறது என்ற விடையோடு திரும்பிவிட வேண்டாம். அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் வதைக்கப்பட்ட சாத்தான்குளத்திலும் கேமரா இருந்தது. பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்தார்.