வண்டி ஒன்று! வழியும் ஒன்றா?

"பெண்ணுக்கு எதற்குப் பந்தய வண்டி? கரண்டி பிடிக்கும் கைக்கு ஸ்டியரிங் எதற்கு?" என்று கேட்கும் பேர்வழிகள் இன்னமும் நம்மிடையே உலவுகிறார்கள். அவர்களுக்குப் பதில் கூற நாம் மேடை போட வேண்டியதில்லை. ஏடு புரட்ட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையிலே, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தளம் ஒன்று உண்டு. அந்தத் தளமே பதில் கூறிவிட்டது, 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலே!

எம்.ஆர்.எஃப். சாலஞ்ச் ஃபார்முலா 2000 என்பது இளம் ஓட்டுநர்களுக்கான பந்தயத் தொடர். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையற்ற, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களின் போட்டி. ஃபார்முலா ஒன் எனும் உச்சிக்கு ஏற விரும்பும் இளைஞர், இத்தகைய படிகளில் கால் வைத்தே ஏறியாக வேண்டும். 2018 நவம்பரில் துபாய், டிசம்பரில் பஹ்ரைன், 2019 பிப்ரவரியில் சென்னை. மூன்று ஊர்களில் நடந்தது அந்தப் பருவம். கடைசிச் சுற்று நம் மண்ணிலே. அதிலே வாகை சூடியவர் யார்? காளை அல்ல, கன்னி! இங்கிலாந்து நாட்டு ஜேமி சாட்விக். வயது இருபது. பருவம் முழுவதிலும் 6 வெற்றிகள். பெல்ஜிய நாட்டு மாக்ஸ் டிஃபூர்னி உள்ளிட்ட ஆடவர் அனைவரையும் பின்னே தள்ளி, அந்தத் தொடரின் வரலாற்றிலேயே வாகை சூடிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார்.

"ஏதோ ஒருத்தி வென்றாள், அதற்கு என்ன இப்போது?" என்று அலட்சியம் காட்டுவோர் உண்டு. தோழர்களே, அந்த வெற்றியின் உட்பொருளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்தத் தொடரிலே எல்லோருக்கும் ஒரே வகைக் கார். இத்தாலி நாட்டுத் தல்லாரா நிறுவனத்தார் கட்டிய கார். எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின். எல்லோருக்கும் ஒரே டயர், நம் சென்னை நிறுவனத்தின் டயர். கார்களைப் பேணுவதும், பழுது பார்ப்பதும், களத்துக்குக் கொண்டுவருவதும் அமைப்பாளர்களின் பொறுப்பு. ஓட்டுநர் வருவார், ஏறுவார், ஓட்டுவார். பணக்காரன் மகனுக்குப் பலமான எஞ்சின், மற்றவனுக்கு மட்டமான எஞ்சின் என்ற பேதம் அங்கே இல்லை. வண்டியிலே வேற்றுமை இல்லையென்றால் மிஞ்சுவது என்ன? ஓட்டுபவரின் கண், கை, கால், கருத்து! இவை மட்டுமே.

அப்படி ஒரு சமநிலையை உண்டாக்கியவுடன் என்ன நடந்தது? பெண் வென்றாள்! "பெண்ணுக்கு இயலாது" என்று பன்னூறு ஆண்டுகளாகப் பாடிவந்த பல்லவி, சில நிமிடங்களில் பொய்யாயிற்று. இயலாமை பெண்ணிடத்தில் இல்லை. ஏற விடாத ஏற்பாட்டிலே இருந்தது. சமமான வாய்ப்பைக் கொடு, திறமை தானே தெரியும் என்று நாம் ஊர்தோறும் முழங்கி வருகிறோமே, அதற்கு இதைவிட இன்னொரு சான்றும் வேண்டுமோ?

இதற்கு முன்னரும் ஒரு சான்று உண்டு. இத்தாலியிலே ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள், லெல்லா லொம்பார்தி. இறைச்சி கொண்டுபோகும் வண்டியை ஓட்டியே கை பழகியவர். 1975ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். விபத்தினால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால், ஒரு புள்ளிக்குப் பதில் அரைப் புள்ளியே கிடைத்தது. ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் ஒரு பெண் பெற்ற புள்ளி, இன்றுவரை அந்த அரைப் புள்ளி ஒன்றுதான்! அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அடுத்த அரைப் புள்ளிக்குக்கூட ஆள் வரவில்லை. உலகப் பெண்குலத்தில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவருமே பிறக்கவில்லையா? பிறந்திருக்கிறார்கள். அவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்லும் கதவு திறக்கப்படவில்லை.

பெண்ணின் வெற்றியைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட்டால், பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடியவர்களாவோம். மறுபாதியையும் பார்ப்போம்.

சாட்விக் வென்ற பருவம் வரையிலான ஃபார்முலா 2000 தொடரின் வாகையர் பட்டியல் இதோ: 2012-13இல் அமெரிக்கர் கானர் டேலி. 2013-14இல் ஆங்கிலேயர் ஜோர்டன் கிங். அடுத்து ஆங்கிலேயர் டோபி சோவரி. அடுத்து பிரேசில் மரபினர் பியெத்ரோ ஃபிட்டிபால்டி. அடுத்து ஆங்கிலேயர் ஹாரிசன் நியூயி. 2017-18இல் பிரேசில் நாட்டு ஃபெலிப்பே துருகோவிச். அதற்கடுத்த பருவத்தில் சாட்விக். ஏழு பருவங்கள், ஏழு வாகையர். ஒருவரேனும் இந்நாட்டவர் உண்டா? இல்லை!

அந்நியர் வென்றாரே என்று அழுபவர்கள் அல்ல நாம். வென்றவரை வாழ்த்துவது தமிழர் பண்பு. நாம் காட்ட விரும்புவது வேறு. டேலியின் தந்தை ஃபார்முலா ஒன் ஓட்டுநர். ஃபிட்டிபால்டியின் பாட்டனார் 1972, 1974 ஆண்டுகளில் உலக வாகை சூடிய எமர்சன் ஃபிட்டிபால்டி. நியூயியின் தந்தை உலகப் புகழ் பெற்ற கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயி. நியூயி வென்ற 2016-17 பருவத்தில் மூன்றாவதாக வந்தவர், ஏழு முறை உலக வாகை சூடிய மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக். தந்தை வழி, பாட்டன் வழி, பரம்பரை வழி! அவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. திறமை இருந்ததால்தான் வென்றார்கள். ஆனால் அந்தத் திறமை வெளிப்படுவதற்குத் தொட்டிலிலேயே வாய்ப்புக் கிட்டியது. அது கிட்டாத பிள்ளைகளின் கதி என்ன?

இந்தப் பக்கமும் அதே கதைதான். கோவையிலே பிறந்த நரேன் கார்த்திகேயன், 1996ஆம் ஆண்டு ஃபார்முலா ஆசியா தொடரை வென்ற முதல் இந்தியர். 2005இல் ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரும் அவரே. அவர் தந்தையார் ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். சென்னையிலே பிறந்த கருண் சந்தோக், 2010இல் அதே உச்சிக்குச் சென்றார். அவரும் பந்தயக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் தமிழகத்துக்குப் பெருமை தேடித் தந்தவர்கள், பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம்: மூன்றாவது பெயர் எங்கே? அந்த மூன்றாவது பிள்ளை ஒரு பிட்டரின் வீட்டிலே, ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டிலே, ஒரு டயர்த் தொழிலாளியின் வீட்டிலே பிறந்திருக்கக் கூடாதா? பிறந்திருந்தால், அவன் எந்த வாயில் வழியாக உள்ளே வருவான்?

இருங்காட்டுக்கோட்டையின் கோலத்தைச் சற்றுப் பாருங்கள். ஒருபுறம் பந்தயத் தளம். அதே ஊரிலே மாபெரும் கார்த் தொழிற்சாலை. அதைச் சுற்றி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்கூடங்கள். முறை வைத்து வேலைக்கு வரும் ஆயிரமாயிரம் தொழிலாளர்கள். காருக்குக் கதவு பொருத்துகிறவன் அவன். எஞ்சினை இறக்கி வைக்கிறவன் அவன். திருகாணி முறுக்குகிறவன் அவன். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, காற்றோடு வரும் பந்தய வண்டியின் உறுமல் மட்டுமே அவனுக்குச் சொந்தம். உள்ளே உறுமுகிற வண்டிக்கு அவன் பிள்ளை அந்நியன்!

டயரின் கதை இன்னும் சுவையானது. 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரிலே, ஒரு கொட்டகையிலே, குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கிய தொழில் அது. 1961இல் டயர் செய்யும் ஆலையாயிற்று. பின்னாளில் துபாயிலும் பஹ்ரைனிலும் பந்தய வண்டிகளைத் தாங்கிச் சுழன்றது அந்தப் பெயர் பொறித்த டயர். உலர்ந்த தளத்தில் ஓடும் பந்தய டயருக்குப் பள்ளமும் கோடும் கிடையாது, வழுவழுப்பாக இருக்கும். தளத்தோடு ஒட்டும் பரப்பு கூடுவதற்காக அப்படி. அதிகச் சூடேறினால் பிடிப்புப் போகும்; சூடேறாவிட்டாலும் பிடிப்பு வராது. அந்த நடுநிலையை அறிந்து ஓட்டுவதே கலை. ரப்பரின் குணத்தை வாழ்நாளெல்லாம் கையால் தொட்டு அறிந்தவன் தொழிலாளி. அவனுடைய மகனுக்கோ மகளுக்கோ அந்தக் கலை வராது என்று யார் தீர்ப்பளித்தது?

"ஏழைக்கு வேண்டியது சோறு, பந்தயம் பணக்காரன் பொழுதுபோக்கு, அதைப் பற்றி இந்த ஏட்டிலே எழுதுவானேன்?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கக்கூடும். சோறு முதலில், அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் சோறு மட்டும் போதும் என்று எழுதி வைத்தவர்கள் யார்? "உனக்கு ஏர் போதும், எழுத்து எதற்கு?" என்று முன்னொரு காலத்தில் கூறினார்களே, அவர்கள் குரலல்லவா இது! கல்லூரி அவனுக்கு, கழனி உனக்கு என்றார்கள், மறுத்தோம். களம் அவனுக்கு, கைதட்டல் உனக்கு என்கிறார்கள், அதையும் மறுக்கிறோம். பந்தயம் என்றால் ஓட்டுநர் ஒருவர் மட்டுமா? மெக்கானிக், பொறியாளர், டயர் வல்லுநர், கணிப்பாளர் என்று ஒரு வண்டியைச் சுற்றி ஒரு கூட்டமே உழைக்கிறது. அந்த வேலைகளும் வாழ்வுதான். அதுவும் வளமான வாழ்வு.

பணம் எப்படி வழி மறிக்கிறது என்பதற்குச் சாட்விக்கே சான்று. 2019இல் இங்கிலாந்திலே பெண்களுக்கென 'டபிள்யூ சீரிஸ்' என்றொரு பந்தயத் தொடர் தொடங்கினார்கள். ஓட்டுநர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும், அவ்வளவே. சாட்விக் 2019, 2021, 2022 என மூன்று முறை அதை வென்றார். மூன்று முறை வென்றவருக்கு மேற்படி திறந்ததா? ஃபார்முலா ஒன் இருக்கை வந்ததா? வரவில்லை. அந்தத் தொடரே 2022இல் பணமின்றிப் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு நொடித்தது. அவர் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். 2024இல் அங்கே இண்டி நெக்ஸ்ட் பந்தயம் ஒன்றையும் வென்று காட்டினார். திறமை தோற்கவில்லை, தோழர்களே. பணப்பெட்டிதான் பாதையை மறித்தது.

மறித்த பாதையைத் திறக்க முடியாதா? முடியும். லூயிஸ் ஹாமில்டன் என்ற கறுப்பினச் சிறுவன். அவன் சின்னஞ்சிறு கார்ட் வண்டி ஓட்டுவதற்காக அவன் தந்தை ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். 1998இல், பையனுக்குப் பதின்மூன்று வயது ஆனபோது, மெக்லாரன் நிறுவனம் அவனைத் தன் பொறுப்பில் ஏற்று வளர்த்தது. விளைவு? ஏழு உலக வாகைகள்! ஒரு கை நீண்டது. ஓர் உலகச் சாதனை பிறந்தது. கை நீளாமல் கருகிப்போன மொட்டுகள் எத்தனை என்று யார் கணக்கெடுத்தார்கள்?

எனவே நாம் கேட்பது பிச்சையல்ல, முறை. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளிலே, கார்ட் ஓட்டிப் பழகும் சிறு தளங்கள் வேண்டும். அவை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும், ஐ.டி.ஐ. மாணவனுக்கும் எட்டும் கட்டணத்தில் இருத்தல் வேண்டும். தேர்வு செய்வது கடிகாரமாக இருக்கட்டும். காசோலையாக இருக்க வேண்டாம். இந்த மண்ணில் நடக்கும் இளையோர் பந்தயம் ஒவ்வொன்றிலும், அவ்வாறு தேர்வு பெற்ற பிள்ளைகளுக்குச் சில இருக்கைகள் ஒதுக்கப்படட்டும். அவற்றில் பெண்களுக்கும் உரிய பங்கு இருக்கட்டும். "ஒதுக்கீடா? தகுதி என்னாவது?" என்று துள்ளி எழுவார்கள். எழட்டும்! தகுதியைத்தான் நாமும் கேட்கிறோம். தகுதியைக் காட்டக் களத்துக்குள் விடு என்பதுதானே நம் கோரிக்கை! ஒரே கார், ஒரே டயர், ஒரே தளம் தந்து பார்க்கட்டும். தோற்றால் ஏற்றுக்கொள்வோம். களத்தையே காட்டாமல், "உனக்கு ஓட்ட வராது" என்று கூறுவதை மட்டும் ஏற்க மாட்டோம்.

தொழிற்சங்கத் தோழர்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். கூலி உயர்வுக்கும் பாதுகாப்புக்கும் அடுத்த வரியிலே, "எங்கள் பிள்ளைகளுக்கும் களம் வேண்டும்" என்று எழுதட்டும். வீட்டிலே மகள் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டினால், "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தந்தை அதட்டாதிருக்கட்டும். ஏனெனில் இருங்காட்டுக்கோட்டையில் 2019இல் கொடி அசைந்தது ஒரு பெண்ணுக்காக. அடுத்த முறை அந்தக் கொடி, அந்த ஊரிலேயே கார் செய்யும் ஒரு தொழிலாளியின் மகளுக்காக அசைய வேண்டும்.

வண்டியை ஒன்றாக்கினார்கள், பெண் வென்றாள். வழியையும் ஒன்றாக்கட்டும், பாட்டாளியின் பிள்ளை வெல்வான், வெல்வாள்!