கரு கலைந்த நாலாம் நாளே வேலையா? சம்பளத்தோடு 6 வாரம் லீவு... பலருக்குத் தெரியாத சட்டம்!

விருத்தாசலம்னு சொன்னாலே பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து ஞாபகம் வருவது செராமிக்தான். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் என்று சின்னச் சின்ன யூனிட்களில் தயாராகும் பொருட்களுக்குப் பிசிறு எடுப்பது, பெயின்ட் அடிப்பது, பேக்கிங் செய்வது எனப் பெண்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். தூசு, சூளைச் சூடு, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தோ நின்றோ செய்யும் வேலை.

இப்படி வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மூணாவது மாசத்தில் கரு கலைந்துவிட்டால் என்ன நடக்கும்? குழந்தை பிறந்திருந்தால் தாய் வீடு, பத்தியச் சாப்பாடு, ஓய்வு எல்லாம் உண்டு. கரு கலைந்தால், "விடும்மா, அடுத்தது தங்கும்" என்ற ஒரு வார்த்தைதான். தினக்கூலி என்றால் நாலாம் நாளே வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் சட்டமும் மருத்துவமும் சொல்வது வேறு.

யார் மேல தப்பு?

உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை கருச்சிதைவில் முடிகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரம்ப வாரங்களில் கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். "பப்பாளி சாப்பிட்டியா? வண்டியில போனியா?" என்று அந்தப் பெண்ணை விசாரிப்பதில் அர்த்தமே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கண்காணித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. செராமிக் சூளை இந்த ஆய்வில் இல்லை. ஆனால் சூடு சூடுதானே? சில பளபளப்புப் பூச்சுகளிலும் வண்ணங்களிலும் இருக்கும் ஈயமும் கருச்சிதைவு ஆபத்தைக் கூட்டும்.

உடம்பில் என்ன நடக்கும்?

ரத்தப்போக்கு ஒன்றிரண்டு வாரம் வரை இருக்கலாம். மாதவிடாய் திரும்ப 4 முதல் 8 வாரம் ஆகலாம். அதற்கு முன்பே, சில சமயம் இரண்டே வாரத்தில், கருமுட்டை வெளியாகிவிடும். அதாவது பீரியட்ஸ் வருவதற்குள்ளேயே மறுபடியும் கர்ப்பம் தரிக்கலாம். நாலைந்து மாசத்துக் கரு கலைந்தவர்களுக்கு மார்பில் பால் கட்டுவதும் உண்டு. நெகட்டிவ் ரத்த வகை என்றால் 'ஆன்டி-டி' ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. ஏற்கெனவே ரத்தம் குறைவு, அதற்கு மேல் இந்த இழப்பு. இரும்புச்சத்து மாத்திரையையும் சத்தான சாப்பாட்டையும் விடக்கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

* தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு 2 பேட் முழுக்க நனைவது
* காய்ச்சல், குளிர் நடுக்கம்
* துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்
* தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம்

மனசு?

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், ஆரம்பக்கட்டத்தில் கருவை இழந்த 650-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு, விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற மன அதிர்ச்சிப் பாதிப்பு இருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று வீடு நினைக்கும்போதும், அடுத்த வீட்டு வளைகாப்புப் பாட்டைக் கேட்டு உள்ளே ஒருத்தி உடைந்துகொண்டிருக்கலாம்.

தானே முடிவெடுத்துக் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களின் கதை வேறு. அமெரிக்காவில் சுமார் 1,000 பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த 'டர்ன்அவே' ஆய்வில், கருக்கலைப்பால் மனநோய் வந்ததாகத் தெரியவில்லை. கருக்கலைப்பு மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் பதற்றம் அதிகம். வாட்டுவது பெரும்பாலும் ரகசியமும் ஊர்ப் பேச்சும்தான்.

அந்த ரகசியம்தான் சிலரை மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கும் போலி டாக்டரிடமும் கொண்டுபோகிறது. கடலூர், கள்ளக்குறிச்சி பக்கமிருந்தே இதனால் உயிரிழப்புச் செய்திகள் வந்திருக்கின்றன. 1971-ம் ஆண்டுச் சட்டம், 2021 திருத்தத்தோடு, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை வெளியிடுவது குற்றம். 18 வயது நிரம்பியவர் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை.

6 வாரம் லீவு யாருக்கு?

கருச்சிதைவோ சட்டப்படியான கருக்கலைப்போ நடந்தால், அடுத்த நாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் கொடுத்த உரிமை இது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. இதனால் உடம்புக்கு முடியாமல் போனால் கூடுதலாக ஒரு மாதம் வரை கிடைக்கும். தெரிந்தே அந்த 6 வாரத்தில் வேலை வாங்கக்கூடாது. அந்த லீவைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. தேவை டாக்டர் சான்றிதழ்தான். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் இருப்பவர்களுக்கு, தகுதியான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், இஎஸ்ஐயே அந்தப் பணத்தைக் கொடுக்கும்.

சிக்கல் எங்கே? பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் யூனிட்களை இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே ஒரே வழி அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியம். மண்பாண்டத் தொழிலுக்குத் தனி வாரியமே உண்டு. கருச்சிதைவுக்கும் அங்கே உதவித்தொகை இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். கரு கலைந்த பிறகு ஓடினால் கிடைக்காது.

ஆரம்ப வாரத்தில் கலைந்திருந்தால் சில நாளிலேயே வழக்கமான வேலைக்குத் திரும்ப முடிந்தவர்களும் உண்டு. ஆனால் சூளைப் பக்கம் நிற்பதும் மூட்டை தூக்குவதும் வழக்கமான வேலை இல்லை. எப்போது திரும்புவது என்பதை டாக்டரும் அந்தப் பெண்ணும்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் 'ஏன் கலைஞ்சுது?' என்று கேட்காமல், 'சாப்பிட்டியா, தூங்கினியா?' என்று கேட்டாலே பாதி பாரம் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, சாகணும்போல் தோன்றுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.