கையெழுத்துப் போட்டவர்கள்



எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு 'ஏர்ஃபோர்ஸ்காரர் வீடு' என்று பெயர். விமானப்படையில் இருபது வருடம் வேலை பார்த்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று வந்தவர் அவர். குடிவந்த புதிதில், தெருவில் எல்லோரும் கேட்டதைத்தான் நானும் கேட்டேன்: "என்ன பிளேன் ஓட்டுனீங்க சார்?"

"ஓட்டலைங்க. நான் என்ஜின் ஃபிட்டர்."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அது பழகிப்போயிருக்க வேண்டும். "வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று அடுத்த கேள்வி எனக்கு வராமல் போனது இன்றும் உறுத்துகிறது. 2025 அக்டோபர் 8-ஆம் தேதியோடு இந்திய விமானப்படைக்கு 93 வயது நிறைந்தது. அந்தக் கேள்விகளைத் தாமதமாகக் கேட்டபோது அவர் சொன்னவற்றையும், பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பக்கம்.

காலை நடையில் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று குனிவார். ஒரு ஆணி, துருப்பிடித்த நட்டு, சோடா மூடி, சில சமயம் வெறும் ஜல்லிக்கல். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டு வாசலில் அதற்கென்றே ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறார். "டயர்ல குத்திடும்னா?" என்று கேட்டேன். சிரித்தார். விமானத் தளத்தில் காலையில் நடக்கும் முதல் வேலையே அதுதானாம். பதவி பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையாகத் தோளோடு தோள் நின்று, விமானங்கள் நிற்கும் தளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தலை குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவார்கள். ஜெட் என்ஜின் முன்னால் இருக்கும் காற்றை வாரி உறிஞ்சும். அதோடு ஒரு சின்ன ஸ்க்ரூ உள்ளே போனால் போதும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் பிளேடு ஒன்று உடையும். உடைந்த துண்டு அடுத்த பிளேடை உடைக்கும்.

"இருபது வருஷம் தரையைப் பாத்தே நடந்தேனுங்க. இப்ப நிமிந்து நடக்கச் சொன்னா வரமாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்னதில் என் மனதை விட்டு அகலாத ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கருவிப் பெட்டியிலும் ஸ்பேனருக்கு ஸ்பேனர் அளவில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் அந்த விமானம் பறக்காது. அவர் இருந்த ஒரு தளத்தில், புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தொலைத்துவிட்டான். பெட்டியை மூடிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம், யாருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பையன் நேரே வாரண்ட் ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை பறக்க வேண்டிய விமானம். மூடியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச் அடித்து, நள்ளிரவு தாண்டியும் தேடினார்கள். சக்கரம் மடங்கி உள்ளே போகும் இடுக்கில் கிடந்தது. திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்கு வாரண்ட் ஆபீசர் டீ வாங்கிக் கொடுத்தாராம். தொலைத்ததற்குத் திட்டினால் அடுத்த பையன் சொல்லமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

விமானத்தைப் புறப்பட வைப்பது ஒரு ஆள் வேலை இல்லை. உடற்பகுதிக்கு ஒருவர், என்ஜினுக்கு ஒருவர், மின்சாரம், கருவிகள், ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. ஜோத்பூரின் மே மாத வெயிலில் இறக்கைமேல் கை வைத்தால் கொப்புளித்துவிடும். அஸ்ஸாமின் தேஜ்பூரில் விடாத மழை. எதிலும் பார்வையிட வேண்டியதைப் பார்வையிட்டே ஆக வேண்டும். முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். அதற்குப் பெயர் 'ஃபார்ம் 700'. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்த வழக்கம். எப்போது எண்ணெய் ஊற்றினார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், போன முறை பறந்தபோது விமானி என்ன குறை சொன்னார், அதை யார் சரிசெய்தார், எல்லாம் அதில் இருக்கும். கடைசியாக விமானி வந்து படித்துப் பார்த்துத் தானும் கையெழுத்திடுவார். அதற்குப் பிறகுதான் ஏணியில் கால் வைப்பார்.

அப்புறமும் ஒரு சின்ன சடங்கு இருக்கிறது. ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையின் அடியில் ராக்கெட் இருக்கிறது. தரையில் நிற்கும்போது அது தவறி வெடித்துவிடாமலிருக்கப் பின்களைச் செருகி வைப்பார்கள். பின்னில் சிவப்பு நாடா தொங்கும். புறப்படும் முன் அந்தப் பின்களைக் கழற்றி விமானியிடம் காட்ட வேண்டும். இருவரும் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பிறகு சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டை விலகும், கீழே நிற்பவர் சல்யூட் வைப்பார், விமானம் நகரும்.

"அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கிட்டு இருப்போமுங்க. நாலு போச்சுன்னா நாலு வரோணும்."

அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு சூலூர் ஞாபகமாகவே இருக்கிறது. 2021 டிசம்பர் 8 காலை 11.48 மணிக்கு, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் புறப்பட்டது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்துதான். 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் இறந்தார். ஹெலிகாப்டரை இயக்கிய குழுவின் நால்வரில் இருவர் ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள். ஏர்மேனாகச் சேர்ந்து படிப்படியாக உயர்கிறவர்கள் வந்தடையும் பதவி அது.

அந்தச் சோகத்தை நாடே பார்த்தது. தேயிலைத் தோட்டத்து மக்கள் போர்வையும் தண்ணீருமாக ஓடி வந்ததையும் பார்த்தோம். நான் இப்போது நினைப்பது, அன்று காலை சூலூரில் அந்த ஹெலிகாப்டரின் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களை. ஒரு விபத்து நடந்த உடனே அந்த விமானத்தின் எல்லாப் பதிவேடுகளையும் எடுத்து முத்திரை வைத்துவிடுவார்கள். கடைசியாக அதைத் தொட்டவர்களிடம் விசாரணை நடக்கும். அது சரியான நடைமுறைதான், அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? போல்ட்டை முறுக்கிய கை அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கும்?

37 நாள் கழித்து, 2022 ஜனவரி 14 அன்று, விசாரணையின் முதற்கட்ட முடிவை விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, கவனக்குறைவு இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசைத் தடுமாற்றம் ஏற்பட்டதால் நேர்ந்தது என்றது அறிக்கை. அன்று பொங்கல். செய்தித்தாளில் 'இயந்திரக் கோளாறு இல்லை' என்ற சொற்களை நானும் படித்தேன், படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அந்தச் சொற்களுக்காக யார் காத்திருந்தார்கள் என்பது இந்தப் பெரியவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

விமானப்படை தொடங்கிய நாளிலிருந்தே இப்படித் தரையில் நின்று வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் முதல் படைப்பிரிவு உருவானபோது அதிகாரிகள் ஆறு பேர், விமானங்கள் நான்கு. அவற்றைப் பார்த்துக்கொள்ள 19 'ஹவாய் சிப்பாய்கள்', அதாவது வான் சிப்பாய்கள். அந்த ஆரம்ப கால ஹவாய் சிப்பாய்களில் ஹர்ஜிந்தர் சிங் ஒருவர். லாகூரில் பொறியியல் படித்தவர், ஆனாலும் கடைநிலையில் சேர்ந்தார். கிரீஸ் படிந்த கையோடு தொடங்கி ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்து, விமானப்படையின் பராமரிப்புத் தலைமையகத்துக்கே தலைவரானார். 1961-இல் ஆவ்ரோ 748 விமானம் கான்பூரில் இணைக்கப்பட்டுப் பறந்ததற்குப் பின்னால் நின்றவர் அவர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் வர வேண்டிய வாழ்க்கை அது என்பது என் அபிப்பிராயம்.

சீருடை இல்லாதவர்களும் இந்த வரிசையில் உண்டு. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் குஜராத்தின் பூஜ் விமானத் தள ஓடுபாதை குண்டுவீச்சில் சிதைந்தபோது, பக்கத்து மாதாபர் கிராமத்திலிருந்து ஏறக்குறைய 300 பெண்கள் வந்து 72 மணி நேரத்தில் அதைச் சீரமைத்தார்கள். சங்கு ஊதினால் புதரில் ஒளிந்துகொள்வார்கள், அடங்கியதும் திரும்ப வந்து கல்லும் கலவையும் சுமப்பார்கள். மேலிருந்து பார்த்தால் செடி கொடியோடு கலந்து தெரிவதற்காகப் பச்சைச் சேலை கட்டியிருந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கமே பாருங்கள். தாம்பரத்தில் விமானப்படையின் இயந்திரவியல் பயிற்சி நிலையம் இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் வந்து இந்தத் தொழிலை அங்கே கற்றுக்கொள்கிறவர்கள் ஏராளம். எங்கள் தெருப் பெரியவரும் அங்கே படித்தவர்தான். சூலூரில் 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையை அதன் வயிற்றுக்கடியில் பொருத்தும் வேலை, தரையில் நிற்கும் ஆயுதப் பிரிவுக்காரர்களுடையது. பெரிய கோயில் பார்க்கப் போகிறவர்கள் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், அழகான காட்சி.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் அதே ஊரில்தான் அவை படையில் சேர்ந்தன, 62 வருடம். அந்த நிகழ்ச்சியைப் பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தேஜ்பூரில் அவர் முதலில் கைவைத்தது மிக்-21 என்ஜினில்தான். விமானப்படைத் தளபதியே ஒரு விமானத்தை ஓட்டினார். இறங்கி வந்தவற்றுக்கு இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தளபதி, பாதுகாப்பு அமைச்சர் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்தார்.

பெரியவர் எழுந்துவிட்டார். "செவன் ஹண்ட்ரட்" என்றார் மனைவியிடம். "அதுலதான் நாங்க சைன் பண்ணுவோம்."

அந்த அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் நின்றார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருப்பார். ஃபிட்டராக, ஆயுதப் பிரிவில், ரேடியோவில், எரிபொருள் வண்டியில் வேலை பார்த்தவர். அவரிடம் போய் உட்கார்ந்து, என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். 

அன்புடன்,
ஆசிரியர்